உப்பை மறந்தவள்

1

குடியுரிமை விண்ணப்பம் மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. முதல் முறை, என் பெயர் எங்கே முடிகிறது, அப்பா பெயர் எங்கே தொடங்குகிறது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறை, இனயம் என்ற எங்கள் கடற்கரை ஊரின் பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் ஞானஸ்நானச் சான்றிதழில் வேறு மாதிரியும் இருந்தது. இந்த முறை நான்காம் பக்கத்தில் பென்சிலால் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். உடன்பிறந்தோர் என்று தலைப்பு. அண்ணன் பெயரும் பிறந்த தேதியும் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு: உயிருடன் இருக்கிறார், இறந்துவிட்டார். இரண்டையும் சும்மா விட்டிருந்தேன்.

நகராட்சி அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அம்மாள் பொறுமைசாலி. "மேடம், ஏதாவது ஒன்று," என்றாள். பதினைந்து வருடமாக பிரெஞ்சு பேசுகிறேன். ஆபீஸில் சண்டை போடுகிற அளவுக்கு வரும். அண்ணன் விஷயம் வந்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடலுக்குப் போனான், இன்னும் வரவில்லை என்று சொன்னேன். "எப்போது வருவார்?" என்று கேட்டு, குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. இது கடல் இல்லாத நாடு. ரயில் இரண்டு நிமிடம் பிந்தினால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்புக் கொடுப்பார்கள். போனவர் என்றால் வரும் நேரம் ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று நினைக்கிறாள். படிவத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தேன். இங்கே எல்லோரும் இந்த ஏரியைக் கடல் மாதிரி கொண்டாடுகிறார்கள். உப்பில்லாப் பண்டம்.

2

இனயத்துக்காரி சுவிட்சர்லாந்தில் என்ன செய்கிறாள் என்று ஊரில் யாராவது கேட்டால், கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். உண்மையில் கம்ப்யூட்டர்காரர்களுக்கும் எங்களுக்கும் ஆகாது. அவர்களுக்கு எல்லாமே உண்டு அல்லது இல்லை, ஒன்று அல்லது பூஜ்யம். நாங்கள் அனலாக்காரர்கள். உண்டுக்கும் இல்லைக்கும் நடுவில் கிடக்கும் சில்லறையெல்லாம் எங்களுக்குத்தான். இதயம் துடிக்கும்போது நெஞ்சின் தோலில் வந்து சேரும் மின்சாரம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அதைப் பிடித்துப் பெரிதாக்கி, அது என்ன சொல்கிறது என்று கேட்கும் சிப்பை வடிவமைப்பது என் பிழைப்பு.

அதையும் கிட்டத்தட்ட மின்சாரமே இல்லாமல் செய்ய வேண்டும். டிரான்சிஸ்டரை மூடிவிட்டாலும் பழைய குழாய் மாதிரி கொஞ்சம் சொட்டிக்கொண்டே இருக்கும். மற்றவர்களுக்கு அந்தச் சொட்டு தலைவலி. எங்களுக்கு அதுதான் சாப்பாடு. அந்தச் சொட்டைப் பிடித்தே குடித்தனம் நடத்துகிற கஞ்சப்பிசினாறிகள் ஐந்து பேர் ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறோம். சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி ஒன்று, நெஞ்சில் ஒட்டும் ஒரு பேட்ச், அது மாதக்கணக்கில் ஓட வேண்டும். இதுதான் எங்களுக்கு இட்ட பணி.

இந்தக் கஞ்சத்தனத்தை மூளையிடமிருந்து கற்றுக்கொண்டோம். தலைக்கு மேலே மின்விசிறி ஓடுகிற சத்தம் நமக்குக் கேட்பதில்லை, நின்றால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நிமிர்ந்து பார்ப்போம். மாறாத விஷயத்துக்கு மூளை செலவு செய்யாது. எங்கள் சிப்பும் அப்படித்தான். முதல் நாள் முழுக்க அந்த ஆளின் இதயம் எப்படித் துடிக்கும் என்று பழகிக்கொள்ளும். பிறகு அரைத்தூக்கம். பழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் விழித்து அதைக் குறித்து வைக்கும். ஒரேயடியாக ஒன்றும் அசையவில்லை என்றால் முழுத்தூக்கம்.

அப்படியும் பேட்டரி போதவில்லை. கணக்குப் பார்த்ததில் ஒரு குட்டிச் சுற்று மட்டும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்தது. பேட்சில் இரண்டு உலோக முனைகள் உண்டு, அவை தோலோடு ஒழுங்காக ஒட்டியிருக்கின்றனவா என்று ஓயாமல் தொட்டுத் தொட்டுக் கேட்கிற சுற்று அது. இருக்கிறாயா, இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அதை எடுத்துவிடலாம் என்று சொன்னவள் நான். பேட்ச் உரிந்துபோனால் போட்டிருக்கும் ஆளுக்கே தெரியுமே, அவருக்குக் கண் இல்லையா என்று வாதாடினேன். எடுத்தோம். பேட்டரி நான்கு மாதம் ஓடியது. ஆபீஸில் கேக் வெட்டினார்கள். தாழ்வாரச் சுவரில் என் படத்தை மாட்டினார்கள். இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

3

அண்ணன் பெயர் சூசை. என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் சிராங்கு, அதாவது படகை ஓட்டுகிறவன். ஒரு தங்கலுக்குப் போனால் முப்பது நாளோ நாற்பது நாளோ கழித்துத்தான் கரைக்கு வருவான்.

என் தொழிலின் முதல் பாடம் அவனோடுதான் நடந்தது. வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயடைத்துப் போகும். நான் பின்மூடியைக் கழற்றுவேன், அண்ணன் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் முக்கி உள்ளே தேய்ப்பான். கம்பி முனையெல்லாம் பச்சையாகப் பூத்திருக்கும். எங்கள் ஊரில் ஆணி, பூட்டு, ஃபேன் திருகு, என் கணக்குக் கருவி, ஒன்றையும் உப்புக்காற்று விட்டுவைக்காது. படகில் ஒயர்லெஸ் செட்டை இரண்டு பாலிதீன் பைக்குள் போட்டு, சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டி வைத்திருப்பார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். பிறகு போய் பெரிய படிப்புப் படித்தேன்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அண்ணனுக்கு மயக்கம் வரத் தொடங்கியது. ஒருமுறை தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் இறக்கும்போது, ஒருமுறை கோயிலில் பூசை நடக்கும்போது. நாகர்கோவிலில் ஒரு நாள் முழுக்க இதயத்தைப் பதிவு செய்து பார்த்தார்கள். அந்த ஒரு நாளில் இதயம் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. திருவனந்தபுரத்து டாக்டர், தோலுக்கு அடியில் சின்னக் கருவி ஒன்றை வைத்துப் பல மாதம் கவனிக்க வேண்டும் என்றார். சுறாவின் வாயிலிருந்து தூண்டிலைக் கழற்றுகிறவனுக்குக் கத்தி என்றால் பயம். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது இரண்டு பேட்சுகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனேன். சோதனைக்காகச் செய்தவை அவை, நோயாளிக்குக் கொடுக்க அனுமதி கிடையாது. தெரிந்துதான் எடுத்தேன். என் கையால் செய்தது என் அண்ணன் நெஞ்சுக்கு உதவாவிட்டால் பின்னே எதற்கு என்று எனக்கு ஒரு வீம்பு.

வராந்தாவில் உட்கார்ந்து நெஞ்சு முடியை மழித்துக்கொண்டான். நான் ஒட்டினேன்.

"இது என்னட்டி, பத்து போட்டது மாதிரி இருக்கு?"

"ஒன் நெஞ்சுக்குள்ள நடக்கியத எழுதி வைக்கும்ண்ணே."

"எழுதி வச்சு?"

"எனக்குச் சொல்லும்."

"அப்போ இனி நான் ஒனக்கு விளிக்காண்டாம். அதே பறஞ்சுக்கிடும்," என்று சிரித்தான். அவன் மனைவி புஷ்பம் மைனி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா ஒட்டிவிடு ஜெசிந்தா, வெள்ளத்துல போயிரப்பிடாது," என்றாள். போகாது மைனி, நல்ல பசை என்றேன். பசையைப் பற்றி மட்டும்தான் யோசித்தேன்.

அதோடு கடலுக்குப் போனவன் நாற்பது நாள் கழித்துக் கரைக்கு வந்தான். வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி ஃபோனை நெஞ்சருகே பிடித்தான். இங்கே என் திரையில் பச்சை விழுந்தது. குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு வரி. அன்றே என்னை அழைத்தான்.

"ஏட்டி, ஒரு காரியம். கடல்ல வச்சு ஒரு நாள் விடியக்காலத்த கண்ணு இருட்டிச்சு. வீலப் பிடிச்சுட்டு நின்னேன். பொறவு பாத்தா கீழ கெடக்குதேன்."

"எவ்வளவு நேரம் கெடந்த?"

"அது எனக்கு எங்கன தெரியும்? மத்தவனுவ ஒறக்கம். ஆரும் பாக்கல்ல."

திரையைப் பார்த்தேன். பச்சை. "அண்ணே, மிசின் ஒண்ணும் காட்டல்ல. நெஞ்சுல ஒண்ணும் இல்ல. ஒறக்கம் போதாததா இருக்கும்."

"அப்போ திருவனந்தபுரத்துக்குப் போகாண்டாமா?"

"வேண்டாம். நீ தைரியமா கடலுக்குப் போயிட்டு வா."

"செரி மக்கா. நீ சொன்னா செரிதான்."

நான்கு நிமிடம் பேசியிருப்போம். எனக்கு அடுத்து ஒரு மீட்டிங் இருந்தது.

இரண்டாவது பேட்சை மைனி ஒட்டிவிட்டாள். அந்தத் தங்கலில் பதினோராம் நாள் காலை, வெயில் ஏறிய பிறகு, படகின் பின்பக்கம் முகம் கழுவப் போனவனைக் காணவில்லை. விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. எஞ்சினை நிறுத்தித் தேடினார்கள், மற்ற படகுகளுக்குச் சொன்னார்கள், இரண்டு நாள் அதே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

4

எங்கள் ஊரில் உடல் கிடைக்காமல் போவது புதிதல்ல. வேட்டி சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்த குடும்பங்கள் உண்டு. அதற்கும் மனம் ஒப்ப வேண்டும். மைனி ஒப்பவில்லை. தாலியைக் கழற்றவில்லை, நாற்பத்தோராம் நாள் செபத்துக்குச் சம்மதிக்கவில்லை. அவள் சொன்ன காரணம் ஊர் முழுக்கத் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஜெசிந்தாக்க மிசின் அவியளுக்கு ஒண்ணும் இல்லண்ணு சொல்லிச்சு. நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லாத மனுசன் மயங்கி விழுவாவளா? கால் தெற்றி விழுந்திருப்பாவ. அவியளுக்கு நீந்தத் தெரியும். ஏதாம் கப்பல்காரன் தூக்கியிருப்பான். எங்கயாம் பேப்பர் இல்லாம கெடப்பாவ. வருவாவ."

முதல் தங்கலில் போட்டிருந்த பேட்சை அவள் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அனுப்புங்கள், ஒருமுறை பார்க்கிறேன் என்று நான் பலமுறை கேட்டேன். "அது இங்க இருக்கட்டு," என்பாள். நானும் வற்புறுத்தவில்லை. எதற்கு வற்புறுத்தவில்லை என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இப்போது வருடம் திரும்பப் போகிறது. பங்குச்சாமியார் வீட்டுக்கு வந்து, நினைவுப் பூசை வைத்துவிடலாம் மகளே, பிள்ளைகளுக்காகவாவது மனதைத் தேற்றிக்கொள் என்று சொல்லியிருக்கிறார். மைனி என்னை அழைத்தாள். குரலில் ஒரு வருடமாக இல்லாத தெம்பு.

"அந்த சாதனத்த ஒனக்கு அனுப்பியிருக்கேன். நீ ஒண்ணூடி நல்லா பாரு. பாத்துட்டு சாமியாருக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடு. அவிய நல்ல ஒடம்போடதான் போனாவ, மிசின்ல இருக்குண்ணு. நீ எழுதினா அவரு கேப்பாரு."

பார்சல் மூன்றாவது வாரம் வந்தது. இங்கத்திய சுங்கத்துறை அதன் மேலே ஒட்டிய தாளில், உணவுப் பொருள், மருந்துப் பொருள், விளக்கம் தேவை என்று எழுதியிருந்தது. அதற்கும் ஒரு படிவம் நிரப்பினேன். உள்ளே ஒரு டப்பா முந்திரிக்கொத்து. அதன் அடியில், கோயில் திருவிழா நோட்டீஸில் மடித்து, பேட்ச்.

5

லேபில் நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தேன். பார்ப்பதற்கு முன்பே விரலில் பட்டது. நறநறவென்று இருந்தது.

இரண்டு உலோக முனைகளுக்கும் நடுவில் சின்னச் சின்னச் சதுரங்களாக உப்பு. வியர்வையும் கடல்நீரும் பசையின் ஓரத்தில் ஊறி இறங்கி, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பாலம் போட்டிருக்கிறது. முனைகள் இரண்டும் ஒன்றாகிவிட்டால் அவற்றுக்கு இடையில் சிப்புக்குக் கேட்க ஒன்றுமில்லை. இதயம் துடித்தாலும் நின்றாலும் அதற்கு ஒரே அமைதிதான்.

சிப்பின் உள்நினைவை லேப் கருவியால்தான் படிக்க முடியும். ஃபோனில் வருவது சுருக்கம் மட்டும். படித்தேன். படகு கிளம்பிய இரண்டாம் நாள் மதியம் முழுத்தூக்கத்துக்குப் போயிருக்கிறது. பிறகு விழித்தது கரைக்கு வந்து, வீட்டில் நல்ல தண்ணீரில் அண்ணன் குளித்த பிறகு. நடுவில் அத்தனை நாளும் ஒன்றும் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் குறிக்காததால் ஒன்றும் நடக்கவில்லை என்று எனக்குப் பச்சை காட்டியது.

நான் எடுத்துப்போட்ட அந்தக் குட்டிச் சுற்று இருந்திருந்தால், இருக்கிறாயா என்று கேட்டுப் பதில் தப்பாக வந்ததும் சிவப்பு விழுந்திருக்கும். சோதனைக்கு இந்த ஊர் ஆட்கள் இருபது பேர் நெஞ்சில் ஒட்டிப் பார்த்தோம். பனியில் சறுக்கச் சொன்னோம், படியேறச் சொன்னோம், வெந்நீரில் குளிக்கச் சொன்னோம். உப்புத்தண்ணீரில் ஒருவரையும் இறக்கவில்லை. மற்ற நான்கு பேரும் மலைநாட்டுக்காரர்கள், அவர்களுக்குத் தோன்றாது. அந்த அறையில் கடற்கரையில் பிறந்தவள் நான் ஒருத்திதான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பல்துலக்கும் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் எங்கே போயின என் தலையை விட்டு?

அண்ணன் அன்று காலை எப்படி விழுந்தான் என்று எனக்குத் தெரியாது, ஒருநாளும் தெரியப்போவதில்லை. அலை தூக்கியிருக்கலாம். கால் தவறியிருக்கலாம். தெரிந்தது ஒன்றுதான். அவன் தன் வாயால் என்னிடம் சொன்னான், கண் இருட்டிற்று, கீழே கிடந்தேன் என்று. தூங்கிக்கொண்டிருந்த ஒரு சிப்பை நம்பி, விழித்திருந்த மனிதனிடம் உனக்கு ஒன்றுமில்லை என்றேன். எனக்கு அழுகை வரவில்லை. என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருந்தது. பக்கத்து மேசைக்காரன் காபி வேண்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்றேன்.

6

எங்கள் பிரிவின் தலைவர் பிலிப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பேட்சைத் திருட்டுத்தனமாக எடுத்துப்போனது உட்பட. வேலை போகும் என்று எதிர்பார்த்தேன். போயிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் முதலில் என் கையைப் பிடித்து வருத்தம் சொன்னார், மனதாரச் சொன்னார். பிறகு, இதைப் பற்றி மின்னஞ்சலில் எதுவும் எழுத வேண்டாம் என்றார்.

அடுத்த வாரம் கூட்டம் வைத்தார்கள். அந்தச் சுற்றைத் திரும்பப் போட வேண்டும் என்று நான் பேசினேன். பேட்டரி மூன்று மாதத்துக்குக் கீழே இறங்கும், போட்டிக் கம்பெனியின் பேட்ச் அதைவிட அதிக நாள் ஓடுகிறது என்று ஒருவர் படம் போட்டுக் காட்டினார். இதை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வீட்டோடு இருக்கும் வயதானவர்கள் என்றார் இன்னொருவர். முடிவில் கையேட்டில் ஒரு வரி சேர்ப்பது என்று தீர்மானம் ஆயிற்று. கடல்நீர் படாமல் பார்த்துக்கொள்ளவும். பன்னிரண்டு மொழிகளில் அச்சிடுவார்கள். அதில் தமிழ் கிடையாது.

வீட்டில் ராபினிடம் சொன்னேன். என் கணவர் மார்த்தாண்டத்துக்காரர், சண்டை சச்சரவு ஆகாத மனிதர். "ஆனது ஆச்சு. இனி அந்தப் பொம்பளைகிட்ட இதச் சொல்லி என்ன செய்யப் போற? அவளுக்கு மிஞ்சியிருக்கிறதே அந்த நம்பிக்கைதான்," என்றார். நியாயம்தான். கடிதம் எழுதாமல் சாக்குச் சொல்லலாம், பேட்ச் கெட்டுப்போயிற்று என்று கதை விடலாம். மைனி காத்திருப்பாள். பத்து வருடம், இருபது வருடம். வாசலில் யார் நிழல் விழுந்தாலும் நிமிர்ந்து பார்ப்பாள். அவளை அப்படி உட்கார வைத்திருப்பது என் பச்சை வெளிச்சம்.

மகள் லீனாவுக்குப் பதின்மூன்று வயது. நான் சமையலறையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து பிரெஞ்சில் என்ன என்று கேட்டாள். மாமாவைப் பற்றி என்றேன். அவள் மாமாவை நான்கு முறை பார்த்திருக்கிறாள். இருவருக்கும் இடையே பேச மொழி இருக்கவில்லை. மாமா அவளுக்கு மீன் முள் எடுத்துக் கொடுப்பான், அவள் "போதும்" என்பாள், அவ்வளவுதான் உறவு. என்னை ஆறுதல்படுத்த வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும், மெனக்கெட்டுத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, மாமா முடிஞ்சாரா?"

அப்படிச் சொல்லக்கூடாது என்று திருத்த வாயெடுத்தேன். என்னிடம் அதைவிட நல்ல சொல் இல்லை. அவள் தோளைத் தட்டிவிட்டு அறைக்குப் போய் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். அவள் என்றைக்கு இவ்வளவு தூரம் போனாள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம், என் கவனத்துக்கு வராத அளவு.

7

ஞாயிற்றுக்கிழமை மதியம் மைனியை அழைத்தேன். அங்கே சாயங்காலம். கோழிகளைக் கூட்டில் அடைத்துக்கொண்டிருந்தாள், சத்தம் கேட்டது.

"எழுதிட்டியா ஜெசிந்தா?"

"இல்ல மைனி. எழுத முடியாது."

"ஏன், சமயம் இல்லியா?"

சொன்னேன். உப்பைச் சொன்னேன். தூக்கத்தைச் சொன்னேன். நான் கழற்றிப் போட்ட சுற்றைச் சொன்னேன். இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்து மூச்சுவிடாமல் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு விளங்கும் என்று தெரியவில்லை. எல்லாம் விளங்கிற்று என்பது அவள் கேட்ட கேள்வியில் தெரிந்தது.

"அப்போ, அந்த பச்ச?"

"பொய் மைனி. அது ஒண்ணையும் பாக்கல்ல."

கோழிகளின் சத்தம் அடங்கியிருந்தது. கூட்டின் கதவைச் சாத்திவிட்டாள் போல.

"கடல்ல வச்சு கண்ணு இருட்டிச்சுண்ணு அவிய ஒனக்கு விளிச்சுச் சொன்னாவல்லா?"

"சொன்னான்."

"அதயும் நீ நம்பல்ல."

"நம்பல்ல மைனி."

"நான் பக்கத்துல நின்னு கேட்டுட்டுதான் இருந்தேன். திருவனந்தபுரத்துக்குப் போகக் குளிச்சு வெள்ளச்சட்ட போட்டுட்டுதான் ஒனக்கு விளிச்சாவ. ஒங்கிட்ட பேசிட்டு, சட்டையக் கழத்தி என் கையில தந்துட்டு, ஜெசிந்தா ஒண்ணும் இல்லண்ணுட்டாண்ணு சொன்னாவ. நல்ல சந்தோசம் அவியளுக்கு."

எனக்கு இது தெரியாது. ஒரு வருடமாக அவள் இதை என்னிடம் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் மைனி என்றேன். அந்தச் சொல் என் காதுக்கே கேவலமாக ஒலித்தது.

"கடுதாசி வேண்டாம்," என்றாள். "பூசைக்கு நான் சாமியாரிட்ட சொல்லிக்கிடுதேன். அந்த வெள்ளச்சட்டைய பெட்டியில வச்சிரலாம்." பிறகு, "நீ வராண்டாம். பிள்ளைக்கு பள்ளிக்கூடம் இருக்கும். நான் வைக்கட்டா?" என்றாள். திட்டுவாள், சபிப்பாள் என்று பயந்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு அழுதிருக்கலாம்.

அதன் பிறகு மூன்று முறை அழைத்தேன். எடுத்தாள். சொகந்தான் என்றாள். பிள்ளைகளும் சொகந்தான் என்றாள்.

திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்து நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் அதே அம்மாள். பேனாவை வாங்கி இரண்டாவது கட்டத்தில் குறியிட்டுப் படிவத்தைத் தள்ளினேன். அவள் பார்த்தாள், முகம் மாறியது, வருத்தம் தெரிவித்தாள். பிறகு படிவத்தைத் திரும்பத் தள்ளினாள். இரண்டாவது கட்டத்தைக் குறித்தால் அதன் கீழே ஒரு தேதியும் எழுத வேண்டுமாம். இத்தனை முறை பார்த்தும் அந்த இடம் என் கண்ணில் படவில்லை. இறந்த தேதி. நாள், மாதம், வருடம்.

காணாமல் போன நாள்தான் தெரியும், உத்தேசமாக எழுதலாமா என்று கேட்டேன். உத்தேசம் கூடாது மேடம், சரியான தேதி வேண்டும் என்றாள்.

கைப்பேசியை எடுத்துப் பழைய அழைப்புகளில், வெள்ளைச்சட்டையோடு அவன் பேசிய அழைப்பைத் தேடினேன். அழிக்காமல்தான் வைத்திருக்கிறேன். அண்ணன் பெயர், நான்கு நிமிடம், நாள், மாதம், வருடம். அதைப் பார்த்துத் தெளிவான எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் முத்திரை குத்துவதற்கு முன் ஒருமுறை நிமிர்ந்து, இதுதான் நாள் என்று உறுதியாகத் தெரியுமா என்று கேட்டாள்.

தெரியும் என்றேன்.